வெள்ளை முதலில் திரும்பும்

கல்யாண விருந்துகளில் மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் ஓடுமே, அந்தப் படங்களைச் செய்வதுதான் என் வேலை. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்னமும் என்னைக் கேமராக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட அந்தச் சாம்பல் நிறப் படத்தை முதலில் விளக்கிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். இல்லாவிட்டால் மற்றது புரியாது. மணமக்களின் படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைத்து, அவற்றைத் திருப்பிப் போட்டு அடுத்த படத்தைக் கொண்டுவருவோம். எந்தச் சதுரம் எப்போது திரும்ப வேண்டும் என்பதை அடியில் மறைத்து வைத்த ஒரு சாம்பல் படம் முடிவு செய்யும். வெள்ளையான இடத்துச் சதுரம் முதலில் திரும்பும், கறுப்பான இடத்தில் இருப்பது கடைசியில். வெள்ளையைக் கறுப்பு வரை மெல்ல மங்கவிட்டால், சதுரங்கள் அலையாகப் புரண்டு போகும். பார்க்கிறவர்களுக்கு அலை மட்டும்தான் தெரியும்.

என் மனைவி வினிஃப்ரெட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. வெளிச்சம் விட்டுவிட்டு மின்னினால் வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பே மறைக்காமல் சொன்னாள். அந்த நேர்மைக்காகவே அவளைக் கட்டிக்கொண்டேன். எங்கள் பெர்மாஸ் ஜெயா வீட்டில் ஒரு குழல்விளக்கைக்கூட நான் நடுங்கவிட்டதில்லை. வேலை செய்யும்போது அவள் காப்பி கொண்டுவந்தால், திரையை அணைத்த பிறகுதான் கோப்பைக்குக் கை நீட்டுவேன். கண்ணை இமை காப்பது போல் காத்தேன். அவளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. பல வருடங்களாக ஒன்றும் வரவில்லை.

பிறகு அவளுக்குச் சிங்கப்பூரில் ஒரு பல் கிளினிக்கில் வேலை கிடைத்தது. எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். விடியுமுன் கிளம்புவாள், இருட்டிய பிறகு வருவாள். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"நான் அங்கயே ரூம் எடுக்கலாம்னு பார்க்குறேன். கிளினிக் பிள்ளைங்க ரெண்டு பேரு சேர்ந்துதான் இருக்காங்க. சனிக்கிழமையானா வந்துடுவேன்லா."

"ஃபிட்ஸ் வந்தா என்ன செய்வ?"

"மாத்திரதான் போடுறேனே. நீங்க சும்மா பயப்படாதீங்க. எனக்கு இங்க மூச்சு முட்டுது."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஆனாலும் நான் கோபப்படவில்லை. மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். நோய் ஒன்று இருப்பதையே இவள் மறந்துவிட்டாள் என்று தோன்றியது. பட்டால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? சொந்தக்காரர்கள் சூழ்ந்திருக்கும்போது, நான் பக்கத்தில் இருக்கும்போது, சின்னதாக ஒன்று வந்தால் அவளே புரிந்துகொள்வாள்.

அந்த மாதம் அவள் சித்தப்பா மகள் ஜெசிந்தாவுக்குத் தெப்ராவில் ஒரு மண்டபத்தில் கல்யாண விருந்து. மணப்பெண்ணின் தோழியாக வினி மேடையில் நின்றாள். யாம் செங் என்று கூவி வாழ்த்திக் கோப்பைகளைத் தூக்குவதற்கு முன்னால் மணமக்களின் சிறுவயதுப் படங்களை ஓட்டுவது வழக்கம். மேடையில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ஜெசிந்தா முதல் நற்கருணை வாங்கிய படத்தில் வினியும் இருந்தாள், வலது ஓரத்தில், பல் விழுந்த சிரிப்போடு. கூட்டமாக எடுத்த படத்தில் தன் முகத்தைத் தேடாதவர் யார்? அந்த முகத்துக்கு அடியில் மட்டும் நான் சாம்பலை மங்கவிடவில்லை. வெள்ளையும் கறுப்பும் மாறி மாறித் துடிக்கும்படி வைத்தேன், அந்தச் சதுரங்கள் மட்டும் விட்டுவிட்டு மின்னும். மற்ற இடமெல்லாம் அலை அழகாக ஓடியது. சிலர் கைதட்டினார்கள்.

வினி விழுந்ததும் முதலில் ஓடிப்போனது நான்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் என் கோட்டை மடித்து வைத்தேன். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவள் அம்மா எல்லோரிடமும் சொன்னார்.

ரூம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். கிளினிக்கில் நீண்ட விடுப்புக் கொடுத்தார்கள். எங்கள் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்றால் அவைதான். நான் சமைத்தேன், அவள் தலையைத் துவட்டிவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் முகத்தில் தெளிவு வந்ததும், டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார், வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்றாள். அன்று வீட்டுத் தொலைக்காட்சியில் எங்கள் கல்யாணப் படங்களைப் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகும் போகிறேன் என்று அவள் சொன்ன போதெல்லாம் காட்டினேன். மற்ற நாட்களில் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

கடைசியாக வந்த வலிப்பு நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை நிற்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு கல்யாணத்துக்குச் செய்ததையே எடுத்து, பெயரையும் படங்களையும் மாற்றி, அடுத்த கல்யாணத்துக்கு ஓட்டிவிடுவோம். அதனால் பழையதை யாரும் அழிப்பதில்லை, நானும் அழிக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, என்னோடு வேலை செய்யும் ஷர்மினி ஜெசிந்தாவின் விருந்துக்குச் செய்ததை எடுத்திருக்கிறாள். ஓட்டிப் பார்த்ததும் தலை சுற்றியிருக்கிறது. அடியில் மறைத்திருந்ததைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, இந்த ஓரத்துல மட்டும் ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?"

"தெரியாம விழுந்துடுச்சும்மா. அழிச்சிடு."

"அங்கதானே அக்கா மூஞ்சி இருந்துச்சு?"

நான் போனை வைத்துவிட்டேன். அவள் உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை, நல்ல பெண்.

மண்டபத்தில் நடந்ததும் வீட்டில் நடந்ததும் நான் தெரிந்தே செய்தவை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே காரணத்தையும் எழுதுங்கள், அது முக்கியம். வினி இப்போது கண் திறந்திருக்கிறாள், ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை. கஞ்சியைக்கூட ஊட்ட வேண்டியிருக்கிறது. இனிமேல் இவரை எங்கேயும் தனியாக விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆரம்பத்திலிருந்தே நானும் அதைத்தான் சொல்லிவந்தேன்.