சாட்சி வைத்தாயிற்றா?

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, அறுவைச் சிகிச்சைத் தலைவர் அவர்களே, புதிய ஸ்கேன் இயந்திரத்தைத் தந்த நிறுவனத்தின் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, உடன் உழைக்கும் தோழர்களே! வணக்கம்.

நம் அணு மருத்துவப் பிரிவின் தலைவர், 'சந்தேகம் டாக்டர்' என்று இந்த மருத்துவமனை பாதி செல்லமாகவும் பாதி எரிச்சலாகவும் அழைத்த அம்மையார் போய்விட்டார். அவருக்கு எதிர் மேசையில் வேலை பார்த்தவள் நான். இன்று எல்லோரும் அவரை வாயாரப் புகழ்கிறீர்கள். எனக்கு அதுவே சந்தேகமாக இருக்கிறது! "இந்தம்மாகிட்ட மாட்டுனா வேலை நடக்காது" என்று முணுமுணுத்த வாய்கள் எவை? எனக்குத் தெரியாதா?

அவர் எதைத்தான் சந்தேகிக்கவில்லை? ஊசியில் ஏற்றிய கதிர்மருந்து ரத்தத்தில் போனதா, கையிலேயே கசிந்து நின்றுவிட்டதா என்று சந்தேகம். தண்ணீர் குடித்தேன் என்று நோயாளி சொன்னால், சொம்பைத் தூக்கிப் பார்ப்பார். அவர் கணவர் நேற்று என்னிடம் சொன்னார்: "வீட்லயும் அப்படித்தாம்மா. உப்பு போட்டாச்சுன்னு சொன்னா நம்ப மாட்டா. நாக்குல வெச்சுப் பாத்துட்டுதான் நம்புவா." அப்படிப்பட்டவர் தன் நெஞ்சுவலியை மட்டும் வெறும் வாயு என்று நம்பிவிட்டாரே! அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

மற்ற ஸ்கேன்கள் உறுப்பின் உருவத்தைக் காட்டும். நம் ஸ்கேன், அது உழைக்கிறதா ஓய்ந்து கிடக்கிறதா என்று காட்டும். பொய் சொல்லாத படம் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். அம்மையார் சிரிப்பார். "படம் பொய் சொல்லாது. படுக்க வெச்ச நாமதான் சொல்லுவோம்."

அதனால்தான் அவர் 'சாட்சி' வைத்தார். கேமராவுக்குப் பளிச்சென்று தெரியும் ஒரு சின்னக் கதிர்வில்லை. நோயாளியின் வலது கையைத் தூக்கச் சொல்லி, அந்தப் பக்க இடுப்பருகே அதை வைத்த பிறகுதான் படம். "சாட்சி வெச்சாச்சா?" என்று யாராவது கேட்காமல் எங்கள் அறையில் ஒரு படமும் ஓடியதில்லை.

அம்மையார் விடுப்பில் இருந்த ஒரு நாள் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார். இரண்டு சிறுநீரகங்களும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. ஒன்று செத்துவிட்டது, எடுத்தாக வேண்டும். எது? எங்கள் ஸ்கேன் 'வலது' என்றது. அவரை அறுவை அரங்குக்குள் கொண்டுபோன பிறகுதான் படம் அம்மையார் கண்ணில் பட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

"டாக்டர், ஆளை டேபிள்ல ஏத்தியாச்சு. இப்பப் போய் வேணாம்னா எப்படி?"

"கத்தியக் கீழ வைங்க. சாட்சி பக்கம் மாறி நிக்குது."

"மெஷினே வலதுன்னு போட்டிருக்கே!"

"மெஷினுக்கு யார் சொன்னது?"

முதுகில் கட்டி இருந்ததால் ஓட்டுநரைக் குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். இயந்திரத்திடம் மட்டும் அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். அது வழக்கம்போல் மல்லாந்து கிடப்பதாக எண்ணி, இடது பக்கத்தை வலது பக்கம் ஆக்கிவிட்டது; வலது இடுப்பருகே வைத்த சாட்சியும் படத்தில் இடது பக்கம் போய் நின்றது. எடுக்கவிருந்தது நல்ல சிறுநீரகம்! அந்த ஓட்டுநர் அதோ, கடைசி வரிசையில் நிற்கிறார். இன்றும் வண்டி ஓட்டுகிறார்.

சற்று முன் இயக்குநர் அவர்கள், புதிய ஸ்கேன் அறைக்கு அம்மையாரின் பெயர் என்று அறிவித்தார். கைதட்டினோம். அதே மூச்சில், புதிய இயந்திரமே பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும், இனி சாட்சி வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார். அதற்கும் கைதட்டினோமே! மேலாளரிடம் குனிந்து கேட்டேன்: "குப்புறப் படுத்தா உங்க மெஷினுக்குத் தானாத் தெரியுமா?" அவர் சொன்ன பதில்: "அதுக்கு நீங்க ஒரு பட்டன் அழுத்தணும் மேடம்." பிறகு எதை நம்பி இந்த உத்தரவு? பெயர்ப்பலகை மரியாதைக்கா, எங்கள் வாயை அடைக்கவா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. மேடையில் இருக்கும் அம்மையாரின் இந்தப் பெரிய படத்தை வந்ததிலிருந்து பார்க்கிறேன். முன்வரிசையில இருக்கிற ஐயா, உங்க வீட்டம்மாவுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?

ஐயா சொன்னது பின்வரிசைக்குக் கேட்டதா? நான் சொல்கிறேன்: "இடது கன்னத்துலதாம்மா. வந்ததுமே பாத்துட்டேன். இவ்வளவு பெரிய மனுஷங்க இருக்கிற இடத்துல எப்படிச் சொல்றதுன்னு பேசாம இருந்துட்டேன்."

படத்தில் மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறது! அழகுக்காக யாரோ முகத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்தோம்? எத்தனை பேர் பேசாமல் இருந்தோம்? அந்த ஓட்டுநரின் படத்தை அம்மையாரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால்?

தோழர்களே! நாளைக் காலை முதல் நோயாளி படுக்கும்போது நான் சாட்சி வைப்பேன். உத்தரவு எங்கே என்று கேட்பவர்கள் என்னிடமே வந்து கேட்கட்டும். எனக்குப் பின் வருபவர்களும் வைப்பார்கள். அதற்கு நான் பொறுப்பு.

இப்போது எழுந்து நிற்போம். அதற்கு முன், யாராவது அந்தப் படத்தை இறக்குங்கள். மேடை காலியாக இருந்தால் இருக்கட்டும். பக்கம் மாறிய படத்தின் முன்னால் நாம் நிற்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார்.