புதைத்த எருமை

புயல் ஓய்ந்து மூன்று வாரம் கழிந்த ஒரு முற்பகலில், ஜேடர்பாளையத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இரு பெண்மணிகள் உரையாடிக்கொண்டிருந்தனர்.

“செத்த எருமையத் தோண்டிக் காட்டோணுமாமா!” என்றார் மூத்தவர்.

இளையவர் திடுக்கிட்டார். “ஆருங்கக்கா சொன்னது?”

“நிவாரணம் எழுத வந்த அதிகாரிதான். கட்டுத்தரைச் சுவரு உழுந்து செத்ததை அன்னைக்கே தென்னைக்கடியில பொதச்சுட்டமல்ல? கண்ணுல பார்க்காம எழுத மாட்டாராம்.”

“மூணு வாரமா அவரு எங்கீங்க இருந்தாரு?”

“ஜீப்பு வர வழியில்லியாமா. அவரு வர்ற வரைக்கும் நாங்க நாறப் போட்டு வெச்சிருக்கோணுமாட்ட இருக்குது!”

“அப்பறம் தோண்டுனீங்களா?”

“உங்க மாமன் தோண்டுனாரு சாமி. அந்தப் பால்லதான எங்க சோறு? பட்டியல்ல பேரு வந்தாத்தான இன்னொரு எருமை? முழங்கால் ஆழம் போயிருப்பாரு. அதோட கன்னுக்குட்டி கவுத்த அறுத்துக்கிட்டு ஓடியாந்து, குழிய மோந்து பார்த்துக் கத்துச்சு. மாமன் மண்ணத் தள்ளி மூடிட்டாரு.”

“அது கத்துனது அதிகாரிக்குக் கேக்கலீங்களா?”

“கேட்டுச்சே. கன்னு உசுரோடதான இருக்குது, அது சேதத்துல சேராதுன்னுட்டுப் போயிட்டாரு.”