மேல் படியின் உயரம்

எங்கள் ஆபீசில் கழிவறையை யாரும் புதிதாக வரைவதில்லை. கதவு, ஜன்னல், வாஷ்பேசின், படிக்கட்டு, எதையுமே வரைவதில்லை. எல்லாம் எந்தக் காலத்திலோ யாரோ கம்ப்யூட்டரில் வரைந்து வைத்தவை. பழைய வரைபடத்திலிருந்து எடுத்துப் புதியதில் போடுவோம். வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். சரிபார்த்த ஒன்று கையில் இருக்கும்போது மறுபடி முதலிலிருந்து வரைபவருக்குத்தான் புத்தியில்லை என்பேன் நான்.

இருபத்து மூன்று வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எந்தக் கட்டடத்தில் என்ன கதவு போட்டோம், எந்த வருடத்து வரைபடத்தில் நல்ல சமையல் மேடை இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் ஆபீசில் எனக்கு அலமாரி என்று பெயர். "அலமாரி அக்காகிட்ட கேளு, எடுத்துக் குடுப்பாங்க" என்பார்கள். எனக்குக் கோபம் வராது, உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

நீங்கள் கேட்டது என் தங்கையின் கணவரைப் பற்றி. அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் அவசரப்பட்டால் எனக்கு வரிசை தப்பிவிடும்.

அம்மா போனபோது தங்கைக்கு ஆறு வயது, எனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவளைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். எனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுதான் என் குடும்பம். அவளுடைய இருபத்தாறாவது வயதில் ஒரு பல் டாக்டர் வந்து அவளைக் கட்டிக்கொண்டு போனார். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

அவளை அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. வயிறு வலிக்கும்வரை சிரிக்க வைப்பார். "ஐயோ போதும், வலிக்குதுங்க" என்று அவள் கெஞ்சியதை என் காதால் கேட்டிருக்கிறேன், அப்போதும் விட மாட்டார். இருபது வருடம் நான் எண்ணெய் தடவிப் பின்னிவிட்ட முடியை அவள் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது "சூப்பரா இருக்கு" என்றார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று. என்னோடு தினமும் ஒரு மணி நேரம் ஃபோனில் பேசியவள், பத்தே நிமிடத்தில் "சரிக்கா, அவர் வந்துட்டாரு, வச்சிடுறேன்" என்பாள். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

அடித்தாரா என்று நீங்களும் கேட்கிறீர்கள். அடித்தால்தான் கொடுமையா? ஒரு நாளும் அடித்ததில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் வீடு கட்டப் போவதாக இருவரும் என்னிடம் வந்தார்கள். "நீங்கதான்கா வரையணும், வேற யாரையும் நம்பி ஒப்படைக்க மாட்டேன்" என்றார் மாப்பிள்ளை. தங்கையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும்தான். மாடியும் கீழுமாக மூன்று அறை, வாசலில் கார் நிறுத்த இடம். அன்றிரவே எனக்கு அந்தப் பெண்கள் விடுதி ஞாபகம் வந்தது.

பதினான்கு வருடம் முன்பு நாங்கள் வரைந்த விடுதி அது. மற்ற படிகளெல்லாம் பதினைந்து சென்டிமீட்டர் உயரம், உச்சிப் படி மட்டும் இருபத்தொன்று. தளத்தின் கனத்தை யாரோ தப்பாகக் கூட்டியிருந்தார்கள். கால் தானாகப் பதினைந்தை எதிர்பார்த்து இறங்கும், அங்கே தரை இருக்காது. ஒரே வருடத்தில் மூன்று பேர் விழுந்தார்கள். முதல் பெண்ணுக்குத் தோள்பட்டை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இரண்டாவது பெண்ணுக்கு மேல்வரிசைப் பற்கள் போயின. மூன்றாவது பெண் கீழே தரையில் கிடந்தபோது அவளுடைய முகம் முதுகுப் பக்கம் பார்த்திருந்ததாகக் காவலாளி சொன்னார். எங்கள் ஆபீஸ் முதலாளியோடு நானும் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். இரத்தத்தைக் கழுவியிருந்தாலும் மூலையில் காய்ந்த கறுப்பு இருந்தது.

உங்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். ஒரு படிக்கட்டின் எல்லாக் கோடுகளையும் ஒன்றாகக் கட்டி ஒரு பெயர் வைப்போம், அதுதான் பிளாக். பழைய வரைபடத்தைத் திறக்கக்கூட வேண்டாம். திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் விரியும், அதில் எல்லாப் பழைய வரைபடங்களும், ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் பிளாக்குகளும் தெரியும். வேண்டியதை மவுஸால் இழுத்துப் புதிய வரைபடத்தில் விட்டால் போதும். விடுதியின் படிக்கட்டுக்குப் பெயர் 'படி-3'. பழைய வரைபடம் எதையும் நாங்கள் அழிப்பதில்லை. அது அங்கேயேதான் இருந்தது.

அதை இழுத்து என் தங்கையின் வீட்டில் விட்டேன்.

அவளும் அதே படியில்தான் இறங்குவாள் என்று யோசிக்காமல் இருப்பேனா? அவளைச் சின்ன வயதிலிருந்தே சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கப் பழக்கியவள் நான். அவர் அப்படியில்லை. ஃபோனைப் பார்த்துக்கொண்டே தடதடவென்று இறங்குகிற ஆள். முதலாளி அச்சடித்த தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அலமாரி போட்டதா? அப்ப நான் எதுக்குப் பாக்கணும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர்மேல் வழக்குப் போடாதீர்கள், நல்ல மனிதர்.

வீடு எழும்பியது. குடிபோனார்கள். நான் அந்தப் பக்கமே போகாமல் ஃபோனுக்காகக் காத்திருந்தேன். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு எடுப்பேன். அடுப்பு நன்றாக எரிகிறது என்பாள், பக்கத்து வீட்டில் நாய் குரைக்கிறது என்பாள். நான்கு மாதம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள், தனக்கு ஏழாவது மாதம் நடப்பதாகச் சொன்னாள். ஏழாவது மாதம்! என்னிடம்தான் கடைசியாகச் சொல்லியிருக்கிறாள். அவர் வீட்டு ஆட்களுக்கெல்லாம் எப்போதோ தெரியும். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அந்த ஞாயிறு அவளைப் பார்க்கப் போனேன். மாடி ஏறினேன். மேல் படியில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது. எல்லாப் படியையும்போல அதுவும் பதினைந்துதான்.

இதுவரை சொன்னது எதற்கும் எனக்கு வெட்கமில்லை. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. விடுதி விபத்துக்குப் பிறகு அந்தப் படிக்கட்டைத் திருத்தியவள் நான்தான். திருத்தியதை ஆபீசின் மூல வரைபடத்தில் போட்டு வைத்தேன். புதிதாக எது தொடங்கினாலும் அந்த மூலத்தை நகல் எடுத்துத்தான் தொடங்குவோம். பெயரை மாற்றுவானேன் என்று 'படி-3' என்றே விட்டிருந்தேன். ஒரே பெயரில் ஒரு பிளாக் ஏற்கெனவே உள்ளே இருந்தால், வெளியிலிருந்து இழுத்து வருவதைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. உள்ளே இருப்பதையே போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் ஒரு வரி காட்டும். மேலிருந்து பார்க்கும் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த வரியை நான் படிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களை "கண்ணு எங்க இருக்கு, கீழ என்ன போட்டிருக்குன்னு படிக்க மாட்டீங்களா" என்று வறுத்தெடுப்பவள் நான். என் மூக்கு என் கையாலேயே உடைந்தது.

அதற்குமேல் கம்ப்யூட்டரை நம்பிப் பயனில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் போனேன். தங்கை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள், அவர் சாப்பிட வீட்டுக்கு வருவார். ஆபீசில் மாதிரிக்காக வைத்திருந்த கைப்பிடி இரும்புக் குழாயை, இரண்டடி நீளம், வரைபடச் சுருளுக்குள் வைத்து எடுத்துப் போனேன். என் கையில் சுருளைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். "வாங்கக்கா, சாப்பிட்டீங்களா" என்றார். சாப்பிட்டேன் என்றேன். மேல் படி கொஞ்சம் உயரமாக இருப்பதுபோலத் தெரிகிறது, பிள்ளைத்தாய்ச்சி ஏறி இறங்குகிற வீடு, ஒருதரம் அளந்துவிடலாம் என்றேன். பதறிப்போய் டேப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க குனியாதீங்கக்கா, நான் பாக்குறேன்" என்று என்னோடு மாடி ஏறி, உச்சியிலிருந்து இரண்டு படி இறங்கி, மண்டியிட்டு அளந்தார்.

"பதினஞ்சுதான்கா. சரியாத்தான் இருக்கு" என்றார்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் தப்பை எனக்கே படித்துக் காட்டியதுபோல இருந்தது. சுருளிலிருந்து குழாயை உருவிக் காதுக்குப் பின்னால் அடித்தேன். ஒரு அடியில் முடிந்துவிடும் என்று நினைத்தது தப்பு. அவர் திரும்பி, என்னைத்தான் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். இரண்டாவது அடி நெற்றியில் விழுந்து எலும்பு உள்ளே போயிற்று. மிச்சப் படிகளிலெல்லாம் உருண்டு கீழே போய் விழுந்தார். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன். ஒரு கண் திறந்திருந்தது. வாயில் நுரையோடு என் தங்கையின் செல்லப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் நான் வைத்தது. அதன்பிறகு எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. உங்கள் டாக்டர் பதினொன்று என்கிறார், அவர் எண்ணியிருப்பார். முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை என்பது மட்டும் எனக்கும் தெரியும்.

பிறகு படிகளைத் துடைத்தேன். நீங்கள் நினைப்பதுபோல மறைப்பதற்காக இல்லை. மூன்றரை மணிக்கு அவள் வருவாள், நிறைமாதத்தை நெருங்குகிறவள், வழுக்கிவிடக் கூடாதே. கதவு திறந்ததும் "மெதுவா வாடா, தரை ஈரமா இருக்கு" என்றேன். அவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தத் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு வலி வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும், உங்களைக் கூப்பிட்டதும் நான்தான்.

குழந்தை பிழைத்துக்கொண்டதாக வெளியே நிற்கும் காவலர் சொன்னார். பெண்ணாமே. என்னைப் பார்க்க மாட்டேன், தனக்கு அக்காவே கிடையாது என்று தங்கை எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். அது அவள் பேச்சு இல்லை. மூன்று வருடம் அவர் பழக்கிவிட்ட பேச்சு, உடனே போகாது. எனக்கு எத்தனை வருடம் கிடைக்கும் என்று மட்டும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அந்தக் குழந்தைக்கு ஆறு வயதுக்கு மேல் ஆகிவிடக் கூடாது, பிறகு வளர்ப்பது கஷ்டம்.