நாற்பத்து நான்கு பேரில் ஒருவர்

என் வாழ்நாளில் நான் பார்த்த சூப்பர் ஹீரோ படம் ஒன்றே ஒன்றுதான். கதை முழுவதும் புரிந்தது என்று சொல்லமாட்டேன். பாறைக் குவாரியில் வேலை செய்கிற ஒருவனுக்கு வெடிவிபத்துக்குப் பிறகு ஏதோ சக்தி வருகிறது. கடைசியில் உடைந்த அணையை இரண்டு கையாலும் தாங்கி நிற்கிறான். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். மார்த்தாண்டத்துத் தியேட்டர்களில் இப்போதெல்லாம் நாற்காலிகள் நன்றாகவே இருக்கின்றன.

நடந்ததைச் சொந்தக் கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எழுதாதவனுக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

என் பெயர் ரசலையன். ஊர் திருவட்டாறு பக்கம். மனைவி ஜெபகுமாரி. எங்களுக்கு ஒரே மகன், பெனிஷ். சென்னையில் ஒரு கிராஃபிக்ஸ் கம்பெனியில் இருந்தான். சினிமாவில் வரும் தீ, புகை, தண்ணீர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் உண்டாக்குகிற வேலை. இந்தப் படத்தை முடித்துக் கொடுக்கிற அவசரத்தில் வீட்டுக்கே போகாமல் அலுவலகத்திலேயே தூங்கி எழுந்தான். ஒருநாள் காலையில் எல்லாரும் வந்து பார்த்தபோது நாற்காலியில் சாய்ந்தபடி இருந்திருக்கிறான். எழுப்பினால் எழவில்லை. இருதயம் என்றார்கள். இருபத்தெட்டு வயது. எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அந்த மாதமே படம் வெளிவந்தது.

அடக்கத்துக்கு வந்த ரெனிஷா என்ற பெண் அவனுடன் வேலை பார்த்தவள், எங்கள் பக்கத்துக் கருங்கல் ஊர்க்காரி. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், அணை உடையுற இடம் மொத்தமும் பெனிஷ் செஞ்சதாக்கும். படத்துல அதப் பாக்காம இருந்துராதீங்க" என்றாள். அதனால்தான் போனேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எல்லாரும் வாசலைப் பார்த்துப் போய்விட்டார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். முந்நூறு பெயர்களுக்கு நடுவில் அவன் பெயர் வந்தது, போயிற்று. வாசிக்க நேரமில்லை. பார்க்க மட்டும் நேரமிருந்தது.

வீட்டுக்கு வந்து அலைபேசியில் படத்தின் பெயரைத் தட்டினேன். விமர்சகர்கள் சொன்னதையெல்லாம் ஒன்றுசேர்த்து ஒரே எண்ணாகப் போடுகிற தளம் ஒன்று இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெயருக்கு மேலேயே அந்த எண் வந்தது. முப்பத்து நான்கு.

உங்கள் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருப்பார்கள். முப்பத்தைந்து தேர்ச்சி. விடைத்தாள் திருத்தும் முகாம்களில் எத்தனையோ வருடம் இருந்திருக்கிறேன். முப்பத்து நான்கு என்ற எண்ணை நாங்கள் எந்தத் தாளிலும் விட்டுவைத்ததே இல்லை. எங்காவது ஒரு வரியில் ஒரு மதிப்பெண் கவனிக்கப்படாமல் கிடக்கும். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்துவிடுவோம். என் மகனுடைய தாளை அப்படித் திருப்பிப் பார்க்க ஆளில்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஜெபகுமாரியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"செத்தவனுக்கு எதுக்கு மார்க்கு? இருக்கும்போ அவன் வேலையப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னியளா?"

துக்கத்தில் பெண்கள் பேசுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நாற்பத்து நான்கு பேர் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் வாசித்தேன். பதினைந்து பேர் பிடித்தது என்றும் இருபத்தொன்பது பேர் பிடிக்கவில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். ஒருவர் மனம் மாறினாலும் முப்பத்தாறு வந்துவிடும். சென்னை, ஹைதராபாத், மும்பை என்று எல்லாரும் தூரத்தில் இருந்தார்கள். பிரதீஷ் என்ற ஒருவர் மட்டும் தக்கலை. பஸ் ஏறிப்போய்ப் பார்த்து வரக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

முதல்முறை போனபோது என்னை நன்றாகவே வரவேற்றார். வயதும் பெனிஷ் வயதுதான். அம்மாவும் அவரும் மட்டும் இருக்கிற சிறிய வீடு. அம்மா பெயர் அன்னக்கிளி, துணி தைக்கிறவர். நான் யார் என்று சொன்னதும் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாயா போட்டுக்கொண்டு வந்தார். நான் எண்ணைச் சொன்னேன். பிரதீஷ் பொறுமையாக விளக்கினார்.

"சாரே, அது மார்க்கு இல்ல. தலைய எண்ணுகது. பிடிச்சுதா, பிடிக்கலியா, ரெண்டே கட்டம். நூறு பேருல எத்தன பேருக்குப் பிடிச்சுதுன்னுதான் அந்த நம்பர் சொல்லும். படம் எவ்வளவு நல்லாருக்குன்னு சொல்லாது."

"நீங்க எவ்வளவு போட்டீங்க?"

"அஞ்சுக்கு ரெண்டர."

"ரெண்டரைன்னா அம்பது. எங்க கணக்குல சுகமா பாஸ். அத எதுக்கு 'இல்ல'ன்னு போட்டீங்க?"

"ரெண்டு கட்டத்துல ஒண்ணத்தான் தட்ட முடியும் சாரே. நடுவுல கட்டம் இல்ல."

"எல்லாரும் ரெண்டரை போட்டு 'இல்ல'யத் தட்டினா படத்துக்கு எவ்வளவு வரும்?"

"பூஜ்யம்."

"எல்லாரும் மூணு போட்டு 'ஆமா'வத் தட்டினா?"

"நூறு."

"அரை மார்க்குல பூஜ்யமும் நூறும். இது என்ன கணக்கு மக்களே?" என்றேன். பெனிஷையும் நான் மக்களே என்றுதான் கூப்பிடுவேன்.

"கள்ளக் கணக்குதான்" என்று சிரித்தார். "எல்லாருக்கும் சுமாராப் பிடிச்ச படத்துக்கு நூறு குடுக்கும். பாதிப்பேரு உயிர விடுற படத்துக்கு அம்பது குடுக்கும். நியாயம் இல்ல சாரே, நான் ஒத்துக்கிடுகேன்."

அன்னக்கிளி அம்மா கதவோரம் நின்று, "நான் வைக்குற மீன் கறிக்கே இவன் ரெண்டரைதான் போடுவான் சார். மிச்சம் வைக்காமத் திங்கவும் செய்வான்" என்றார். மூவரும் சிரித்தோம். நல்ல குடும்பம்.

எண் நியாயமில்லை என்று அவரே ஒத்துக்கொண்டபிறகு மாற்றுவதில் என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாம்முறை போய் அதைக் கேட்டேன். முகம் வாடிவிட்டது. பெனிஷைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுகிறேன், படம் போட்டு எழுதுகிறேன் என்றார். பாராட்டு வேண்டாம், மதிப்பெண்தான் வேண்டும் என்றேன்.

"அது மட்டும் முடியாது சாரே. எண்ணுகது தப்பா இருக்கலாம். நான் எழுதுனது தப்பு இல்ல. இன்னைக்கு உங்களுக்காண்டி மாத்துனா, நாளைக்குத் தயாரிப்பாளர் வந்து கேட்டா நான் என்ன சொல்லுகது?"

இதே பதிலை முகாமில் நானும் சொல்லியிருக்கிறேன். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்காக வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது என்பதை இங்கே பதிவு செய்யவேண்டும். கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தவறாகிவிடும்.

அவர் விமர்சனத்தில் அணைக் காட்சியைப் பற்றி ஒரு வரி இருந்தது. 'தண்ணீருக்குக் கனமில்லை. ஆளை அடித்துக்கொண்டு போகும் தண்ணீர் இப்படி இருக்காது.' அவர் 'இல்லை' என்ற கட்டத்தைத் தட்டியதற்குக் காரணம் இந்த வரிதான் என்று அவரே சொன்னார். அப்படியானால் திருத்தவேண்டியது கட்டத்தை அல்ல, இந்த வரியை என்று எனக்குத் தெளிவாயிற்று. தண்ணீரை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்றேன். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். மூன்றாம்முறை அவரே பைக்கில் எங்கள் ஊருக்கு வந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு தொட்டிப்பாலம் இருக்கிறது. மாத்தூரில் சுற்றுலாக்காரர்கள் பார்க்கப் போகிற பெரிய பாலம் அல்ல, சின்னது. இரண்டு மேட்டுக்கு நடுவே தூண்கள் நிற்கின்றன. அவற்றின்மேல் சிமெண்ட் தொட்டியில் கால்வாய் ஓடுகிறது. கீழே வாழைத்தோட்டம். ஆழம் ஆளின் மார்பளவு இருக்கும். பாலம் முடிகிற இடத்தில் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் போகிற குழாய்க்குள் இறங்குகிறது. அணை திறந்துவிட்ட மாதம் என்பதால் விளிம்பு தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெனிஷ் சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டால் இங்கேதான் கிடப்பான். தண்ணீரை அவன் படித்தது இங்கேதான்.

மாலை வெயில் இருந்தது. பிரதீஷ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். நனைந்துவிடக்கூடாது என்று அலைபேசியை என்னிடம் கொடுத்தார். "நல்லா இழுக்குது சாரே" என்றார். என் கை அவர் முதுகில் இருந்தது. அது தடவிக்கொடுத்ததா, தள்ளியதா என்று நேற்றுப் பலதடவை கேட்டீர்கள். தள்ளினேன். பலமாக அல்ல. பலம் தேவைப்படவில்லை.

குழாயின் வாயில் சிமெண்ட் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உடம்பு உள்ளே இருந்தது, தலையும் கையும் வெளியே இருந்தன. நான் நடந்து போனேன். அருகில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

"வெள்ளத்துக்குக் கனம் உண்டா மக்களே?"

"உண்டு சாரே. கையத் தாருங்க."

"படத்துல உள்ளதும் இதே மாதிரிதானே?"

"அதே மாதிரிதான். மாத்துகேன் சாரே. கையத் தாருங்க, வழுக்குது."

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிரம்பை ஓங்கினால் பிள்ளைகள் எந்த விடையையும் சொல்வார்கள். அந்த விடையை ஏற்றுக்கொள்கிற ஆசிரியர் ஆசிரியரே அல்ல. பயத்தில் சொல்கிறாரா, மனதாரச் சொல்கிறாரா என்று தெரியாமல் நான் அதை எடுத்துக்கொண்டால் அது என் மகனுக்குப் பெருமை இல்லை. அவசரம் ஒன்றும் இல்லை, நன்றாக யோசித்து இன்னொருமுறை சொல்லுங்கள் என்றேன். பதில் வரவில்லை. பார்த்தால் விளிம்பில் கை இல்லை.

மறுநாள் கீழே வயல்பக்கத்து மதகில் உடலை எடுத்தார்கள். கால் வழுக்கி விழுந்தார் என்று முதலில் எழுதினீர்கள். நான் அடக்கத்துக்குப் போயிருந்தேன். அன்னக்கிளி அம்மாவின் பக்கத்தில் நின்று ஆறுதல் சொன்னேன். பிள்ளையை இழந்தவன் என்ற முறையில் அதற்கு எனக்குத் தகுதி உண்டு. "நீங்க பெத்த வயித்தோட எரிச்சல் அறிஞ்சவரு சார்" என்று அவர் என் தோளில் சாய்ந்து அழுதார்.

அவருடைய அலைபேசி என்னிடம் இருந்ததை வைத்து என்னைக் கண்டுபிடித்தீர்கள். அதைத் திருட்டு என்று குறித்திருப்பதை நீக்கவேண்டும். அவர் ஒத்துக்கொண்டபடி கட்டத்தை மாற்றிவிடலாம் என்றுதான் வைத்திருந்தேன். அது அவர் விரல் வைத்தால்தான் திறக்கும் என்று எனக்குத் தெரியாது. சாகும் தறுவாயில் ஒருவர் சொன்னதைக் கோர்ட்டு நம்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் இரண்டுமுறை 'ஆமாம்' சொல்லியிருக்கிறார். கேட்ட சாட்சி நான். உங்கள் அலுவலகத் தாளில் அந்தத் தளத்துக்கு எழுதினால் மாற்றிவிடுவார்கள். பதினாறு பேர், முப்பத்தாறு. அதற்குமேல் எனக்கு எந்தச் சலுகையும் வேண்டாம்.

ஏன் அவரை மட்டும் என்று கேட்டீர்கள். பஸ் வசதி என்று மேலே எழுதியிருக்கிறேன். அது பொய் அல்ல, ஆனால் ஒரு படியை விட்டுவிட்டேன். மற்ற இருபத்தெட்டு பேரும் கதை இல்லை, நடிப்பு இல்லை, நீளம் என்றுதான் எழுதியிருந்தார்கள். தண்ணீரைப் பற்றி எழுதியவர் இவர் ஒருவர்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு பெனிஷ் வந்திருந்தான். புதுவருட ஆராதனை முடிந்துதான் போவதாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் அலைபேசியை என் முன்னால் வைத்து, "அப்பா, வெள்ளத்தப் பாருங்க" என்றான். ஜெபகுமாரி அடுக்களையில் இருந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தேன்.

"கனம் இல்ல மக்களே" என்றேன். "ஆள அடிச்சிட்டுப் போற வெள்ளம் இப்படி இருக்காது."

அவன் இன்னொருமுறை ஓடவிட்டுப் பார்த்தான். "சரிதான் அப்பா" என்றான். மறுநாளே ரயில் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு அவன் அலுவலகத்தை விட்டு வெளியே வரவில்லை.

அந்தப் பேச்சு எனக்கும் அவனுக்கும் இடையில் நடந்தது. அவன் போனபின் அது எங்கும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த விமர்சனத்தைத் திறந்தபோது சொல் மாறாமல் அங்கே இருந்தது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஜெபகுமாரியும் ஒருநாள் வாசிக்கலாம். அதை நான் எப்படி விட்டுவைக்க முடியும்?

இப்போது மனம் அமைதியாக இருக்கிறது. என் மகன் செய்த வெள்ளத்துக்குக் கனமில்லை என்று சொன்னவர் இனி யாரும் இல்லை.