வெள்ளைத் துணியில் வைத்த மஞ்சள்

அருப்புக்கோட்டை ஆடைகளை அக்கரைக்கு அனுப்பிவைத்த அன்புக் கரமே! கட்டியது பிரியாத கைத்திறனே! கேள்வி கேட்டே எங்களைக் கிறங்கடித்த லிங்கம்மாள் அக்கா அவர்களே! வணக்கம்.

உங்கள் பெருமையை உங்களிடமே சொன்னால், "போதும்ப்பா, லோடு நிக்குது, வேலையப் பாருங்க" என்று எழுந்துவிடுவீர்கள். ஆகவே சபைக்குச் சொல்கிறோம். மாலையோடு அமர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் ஏற்றுமதி நிறுவனத்தின் துணி கட்டும் பிரிவைத் தலைமையேற்று நடத்தியவர் இவர். தோணியில் துணி போய்ப் பாக்கும் லவங்கப்பட்டையும் வந்த பழங்காலம் முதல், தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏறும் இந்தக் காலம் வரை, இலங்கை வணிகத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார். அங்கே வேட்டியை எப்படிக் கட்டுவார்கள்? நம் மிளகாய் அவர்கள் குழம்பில் உறைக்குமா? லாரி ஓட்டுநர்கள் இவரைக் கண்டாலே பதில் தேடி ஓடுவார்கள்.

புதுத்துணி மஞ்சள் படாமல் வாசல் தாண்டக் கூடாது என்பது நம் வழக்கம். கட்டி அனுப்பும் ஒவ்வொரு துணிப் பேலிலும் மேல் துணியின் மூலையில் இவர் பொட்டளவு மஞ்சள் வைப்பார். மற்றவர்களையும் வைக்கச் சொல்வார். வெளிநாட்டு மஞ்சளுக்கு இலங்கை தடை போட்டிருந்த நேரத்தில், புத்தர் பிறந்த வெசாக் பௌர்ணமிக்கு அங்கே மக்கள் உடுத்தும் வெள்ளைத் துணி போனது. புதிதாய்ச் சேர்ந்த ஜெகதீஸ்வரி பொட்டுக்குப் பதில் பிடிபிடியாய் அப்பிவிட்டாள். மஞ்சள் கடத்தலோ என்று கொழும்பில் சரக்கை நிறுத்திவிட்டார்கள். பண்டிகை தாண்டினால் சரக்கு வீண். வெள்ளைத்துணித் தறிகள் அத்தனையும் நின்றுவிடும்.

இப்போது மேடையில் சிரித்துக்கொண்டிருக்கும் முதலாளி சௌந்தரபாண்டியன் அன்று சிரிக்கவில்லை. "பூசுனது யாரு? நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். ஜெகதீஸ்வரி அழுதே விட்டாள்.

லிங்கம்மாள் முன்னால் வந்தார். "நான் சொல்லித்தான் பூசுனா மொதலாளி. அனுப்புறதா இருந்தா என்னைய அனுப்புங்க" என்றவர், கொழும்பில் துணி வாங்கும் கடைக்கார நசீமா அம்மாவுக்குத் தானே போன் போட்டார்.

"என்னத்துக்கம்மா மஞ்சள் பூசினீங்க?" என்று கேட்டார் நசீமா.

"மஞ்ச வைக்காம புதுத்துணிய யாரு உடுத்துவாக? ஆமா, உங்க ஊர்ல என்ன வைப்பீக?"

வேலை போகிற நேரத்திலும் கேள்வியை விடவில்லை பாருங்கள். நசீமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதைப் பிறகு சொல்றேன், முதல்ல சரக்கை எடுக்கிறேன்" என்று அதிகாரிகளிடம் போய் வழக்கத்தை விளக்கினார். பேல்களைப் பிரித்துப் பார்த்து, மேல் துணிகளில் மட்டுமே மஞ்சள் இருக்கக் கண்டு சரக்கை விடுவித்தார்கள். பௌர்ணமிக்கு முன் வெள்ளைத் துணி விற்றுத் தீர்ந்தது. அதன்பின் மஞ்சளைத் துணியில் வைப்பதை விட்டு, லாரிக் கதவில் வைக்கத் தொடங்கினோம். ஜெகதீஸ்வரி இன்றும் இங்கேதான் இருக்கிறாள். இந்த மடலைப் படிப்பவளும் அவளே.

அக்கா, நீங்கள் ஓய்வு பெறும் செய்தி கேட்டு நசீமா அம்மா அனுப்பிய பார்சல் நேற்று வந்தது. அன்று மஞ்சள் பட்ட நம் துணிகளில் ஒன்றைப் பத்திரமாய் வைத்திருந்திருக்கிறார். ஒரு மூலையில் நம் மஞ்சள் மங்கிக் கிடக்கிறது. மறு மூலையில் புது மஞ்சள். "இது எங்கட மண்ணில விளைஞ்சது, அவங்க கேட்டதுக்குப் பதில்னு சொல்லுங்க" என்றார் போனில்.

இரு கரை மஞ்சளும் ஏறிய இந்த வெள்ளையை உங்கள் தோளில் போர்த்துகிறோம். நோயின்றி நெடுங்காலம் வாழ்ந்து, கப்பலேறிப் போய், மிச்சக் கேள்விகளையும் நேரிலேயே கேட்டு வாருங்கள்.

உங்கள் கையால் தொழில் கற்ற,
துணி கட்டும் பிரிவுப் பணியாளர்கள்,
அருப்புக்கோட்டை.