டோன் வருதா பாரு

மத்தியானம் பன்னிரண்டு மணி. உச்சி வெயில். திண்டிவனத்திலிருந்து ஏரிக்கரை ஓரமாக உள்ளே போகிற ரோடு... ஈ காக்கை கிடையாது. ராத்திரியில்தான் பேய் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கிட்ட வந்து உட்காருங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவன் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். கல்யாண மண்டபத்தில் சொல்லக்கூடாத கதைதான். நம்ம கோபி பந்தல்காரனோடு சண்டை போடப் போயிருக்கிறான், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். நடந்தது அவனுடைய தாய்மாமன் சக்கரபாணிக்கு.

அன்றைக்கு அந்த ரோட்டில் சக்கரபாணி வண்டி ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் நெட் ரிப்பேர் பார்க்கிற தேவநாதன், மடியில் பையோடு. பெண்டாட்டியும் பெண் இளவரசியும் வளவனூருக்குப் போயிருந்தார்கள். இளவரசிக்கு ஆன்லைனில் காலேஜ் கவுன்சிலிங் வரப்போகிறது. திரும்பி வருவதற்குள் வீட்டில் நெட் ஓட வேண்டும். புது ரௌட்டர் வாங்கி வைத்தும் சிவப்பு விளக்கை விட்டு நகரவில்லை. அந்தத் தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. பழைய லேண்ட்லைன் ஒயரில்தான் நெட். ஒயரில் வருவதை மோடம் வாங்கும், ரௌட்டர் அதை வீடு முழுக்க வைஃபையாக விடும். அவ்வளவுதான் சங்கதி.

வீட்டுக்கு வந்ததும் தேவநாதன் உட்கார்ந்து பார்த்தான். மோடத்துக்கும் ரௌட்டருக்கும் ஒரே ஐ.பி. நம்பர், ரெண்டும் மோதிக்கொண்டிருந்தன. ரௌட்டர் நம்பரை மாற்றினான். பச்சை விளக்கு வந்தது. சக்கரபாணிக்கு மூச்சு வந்தது.

உடனே மோடத்தில் விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரம் மினுக்கியது. எரிந்தது. நிலைத்து நின்றது... மறுபடி அணைந்தது.

"இது ரௌட்டர் கோளாறு இல்ல சார். லைன்லயே ஏதோ இருக்குது" என்றான் தேவநாதன். பையிலிருந்து டெஸ்ட் போனை எடுத்து ஒயரில் மாட்டிக் காதில் வைத்தான். ரொம்ப நேரம் கேட்டான்.

"வீட்ல இன்னொரு போன் இருக்குதா சார்?"

"இல்லியே."

"எங்கியோ இருக்குது சார். யாரோ ரிசீவர எடுக்குறாங்க. டோன் வருதான்னு பாத்துட்டு வெச்சுடறாங்க. திரும்ப எடுக்குறாங்க. பேச்சையும் நெட்டையும் பிரிக்கிற ஸ்பிளிட்டர் போடாத போன எடுத்தா நெட் அறுந்துடும்."

டோன் வருகிறதா என்று பார்க்கிற ஆள் யார் என்று சக்கரபாணிக்குத் தெரியும். அந்த ஆள் செத்து ரெண்டு வருஷம் ஆகிறது.

அவருடைய அப்பா கண்ணையன். பக்கவாதம் வந்து பின்கட்டு ரூமில் படுக்கையாகக் கிடந்தார். டச் போனைத் தேய்க்க அவருக்கு விரல் வராது. அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில், அதே லைனிலிருந்து ஒரு பழைய போன் இழுத்து வைத்திருந்தார்கள். கிழவர் யாருக்கும் பேச மாட்டார். சும்மா ரிசீவரை எடுப்பார். கொர்ர்ர் என்று டோன் கேட்பார். வைப்பார். அந்தச் சத்தம் கேட்டால் அவருக்கு ஒரு தெம்பு. கூப்பிட்டால் யாராவது இருக்கிறார்கள் என்று.

கொரோனா சமயம். இளவரசிக்கு ஆன்லைனில் பரீட்சை. கிழவர் ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் நெட் அறுந்தது. பரீட்சை பாதியில் போய், பெண் குப்புறப் படுத்து அழுதாள். சக்கரபாணிக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அப்பா தூங்கும்போது உள்ளே போய், கட்டிலுக்குப் பின்னால் ஒயரைக் கட்டரால் வெட்டிவிட்டார். அப்பாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சை முடிந்ததும் சேர்த்துவிடலாம் என்று நினைத்தார்.

மறுநாளே வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கிழவருக்கு நெஞ்சு அடைத்தது. வந்து பார்த்தபோது ரிசீவர் அவருடைய மார்பின்மேல் கிடந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கிழவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று. விழுப்புரத்தில் இருக்கிற மகள் பிரபாவதியுடையது. நம்ம கோபியின் அம்மா. நர்ஸ் வேலை. அன்றைக்கு நைட் டியூட்டி முடித்து, போனை அணைத்துவிட்டுத் தூங்கியிருந்தாள். சாவு வீட்டில் உறவு மொத்தமும் அவளைப் பிடுங்கி எடுத்தது. பெத்த அப்பன் உயிருக்குப் போராடிக் கூப்பிட்டிருக்கிறான், நீ போனை அணைத்துவிட்டுத் தூங்கினாயா என்று. அவளும் தலையில் அடித்துக்கொண்டு, "எனக்குத்தான் அடிச்சிருப்பாரு, எனக்குத்தான் அடிச்சிருப்பாரு" என்று அழுதாள்.

சக்கரபாணி பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் அவள் போனை அணைத்ததே இல்லை. குளிக்கும்போதும் வெளியே சோப்பு டப்பா பக்கத்தில் வைத்திருப்பாள். ஒவ்வொரு திவசத்துக்கும் வந்து படத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்பாள். அப்போதெல்லாம் சக்கரபாணி கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்... அவமானம் வாயை அடைத்துவிட்டது. பின்கட்டு ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டார்.

ஒயர் போகிற வழியே வந்து, அந்த ரூமைத்தான் தேவநாதன் திறக்கச் சொன்னான்.

கதவு திறந்ததும் தைல வாசனை. பழசு இல்லை. இப்போதுதான் யாரோ நெஞ்சில் தேய்த்துவிட்ட மாதிரி, கண் கரிக்கிற வாசனை. கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஸ்டூலில் போன். ரிசீவர் அதன் இடத்திலேயே இருந்தது.

தேவநாதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே கட்டிலுக்குப் பின்னால் குனிந்தான். வெட்டின முனை கைக்கு வந்தது.

"எலி கடிச்சது இல்ல சார் இது. யாரோ வெட்டியிருக்காங்க." முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நெட்டுக்காகவா? ஒரு ஸ்பிளிட்டர் மாட்டியிருந்தா போதும் சார், பேஜாரே இல்ல. போனும் பேசும், நெட்டும் ஓடும்."

அவ்வளவு சின்ன சாமானுக்கா அப்பாவை... என்று சக்கரபாணிக்கு நெஞ்சு அறுத்தது.

தேவநாதன் லைன் பக்கத்து முனையில் டெஸ்ட் போனை மாட்டி, இன்னொரு கையால் காதில் வைத்திருந்தான். திடீரென்று அவன் முகம் மாறியது. ஸ்டூலில் இருக்கிற ரிசீவரைப் பார்த்தான். அது அசையவில்லை. வெட்டின ஒயர் அவன் கையிலேயே இருக்கிறது. ஆனால் காதில்... டக். யாரோ எடுக்கிறார்கள்.

"எனக்கு வேற ஒரு கம்ப்ளைண்ட் இருக்குது சார்" என்று மட்டும் சொன்னான். பையை எடுத்தான். வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு நிற்கவில்லை. அந்த வெயிலில் ஏரிக்கரை ரோட்டில் நடந்தே போய்விட்டான்.

சக்கரபாணி தனியாகத் தரையில் உட்கார்ந்தார். ஒயரைப் பல்லால் உரித்தார். செம்பைச் செம்போடு முறுக்கினார். நழுவி நழுவிப் போனது. முறுக்கி முடித்து, எழுந்து, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

கொர்ர்ர்...

"டோன் வந்துடுச்சுப்பா" என்றார் காலிக் கட்டிலைப் பார்த்து. "என்ன மன்னிச்சுடு." வாய்விட்டு அழுதார். ரிசீவரை வைத்துவிட்டுக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ரொம்ப நேரம். வெளியே ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. கனம் இறங்கின மாதிரி இருந்ததாம் அவருக்கு. இனி யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்றுகூடத் தோன்றியதாம். பார்த்தீர்களா மனுஷ புத்தியை.

சட்டைப் பையில் செல்போன் அடித்தது. பிரபாவதி.

"ண்ணா..." மூச்சிரைக்க அழுதுகொண்டிருந்தாள். "நம்ம வீட்டு லேண்ட்லைன்லேர்ந்து இப்ப போன் வந்துச்சுண்ணா. இந்த வாட்டி மொத ரிங்குலயே எடுத்துட்டேன்."

சக்கரபாணி போனைக் காதோடு அழுத்தினார். "யாரு... யாரு பேசினது?"

"அப்பாதாண்ணா. அதே கொரலு. 'நீ அழுவாதம்மா, உம்மேல தப்பு இல்ல'ன்னாரு. அப்ப யாரு மேலப்பான்னு கேட்டேன். 'பாணி என் பக்கத்துலதான் கட்டில புடிச்சிக்கினு நிக்கிறான், அவனையே கேளு'ன்னாரு..."

மூக்கை உறிஞ்சினாள்.

"என்னண்ணா கேக்கணும் உன்ன?"