அட்டையைப் பிடுங்கிய கமாண்டோ

தாண்டிக்குடி பேருந்தில் கண்ணயர்ந்திருந்தேன். “படத்துல மலையேறுற கமாண்டோவே நான்தான்க்கா” என்று முன் சீட்டில் ஒரு பெண்குரல் கேட்டதும் தூக்கம் போயிற்று. காப்பிப் பழம் பறிக்கப் போகும் இருவர்.

“என்னடி சொல்ற? ஹீரோல்ல ஏறுனாரு?”

“அவருக்குப் பாதியிலயே மூச்சு வாங்கிருச்சு. எனக்கு அந்த உடுப்ப மாட்டி, அடிபட்ட ஆளத் தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு பொம்மைய முதுகுல கட்டி ஏறச் சொன்னாங்க. பின்னாடியிருந்து எடுத்தாங்க.”

“கால்ல கடிச்ச அட்டையப் பிடுங்கி வீசுவாரே, அதுவுமா?”

“பழக்கத்துல செஞ்சுட்டேன். திட்டுவாங்கன்னு பயந்தா, அதையே வச்சுட்டாங்க.”

“ஆத்தீ! அந்த எடத்துக்குத்தானே தியேட்டரே விசிலடிச்சுச்சு!”

“எங்க வீட்டுக்காரரு சீட்டு மேல ஏறி நின்னு அடிச்சாருக்கா.”

“நீதான்னு சொல்லலையா?”

“இன்னைக்கு மறுபடியும் கூட்டிட்டுப் போறேன். விசிலடிச்சுட்டு எறங்கட்டும், சொல்றேன்.”